மூட்டு வலியில் தொடங்கி சீட் பில்லரில் முடிந்த ஒரு பழுது

காட்பாடியில் படிக்கும் ஒரு மாணவர் தன் கியர் சைக்கிளைக் கொண்டுவந்து நிறுத்தி, "அண்ணா, பாலமதி ஏறும்போது முட்டிக்கு முன்பக்கம் வலிக்குது. பின்னாடி பல்சக்கரத்தை மாத்திட்டா சரியாயிடுமா?" என்று கேட்டார். டாக்டரிடமும் காட்டியாயிற்று. வேலூரில் டாக்டருக்கா பஞ்சம்? எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை, கொஞ்ச நாள் ஓய்வு எடு என்று அனுப்பியிருக்கிறார்கள். ஓய்வு எடுத்தால் வலி போகிறது, மலை ஏறினால் திரும்பி வருகிறது.

வண்டி 26 அங்குலச் சக்கரம், முன்பக்கம் மட்டும் ஷாக், இரும்பு ஃபிரேம், 16 அங்குல அளவு. ஒரு சீனியரிடமிருந்து கைமாறி வந்தது. செயின், கியர், பிரேக் எல்லாம் வயதுக்கு நன்றாகவே இருந்தன. அவரை ஏறி உட்காரச் சொல்லி, மிதி கீழே இருக்கும் நிலையில் குதிகாலை அதன் மேல் வைக்கச் சொன்னேன். சீட் சரியான உயரத்தில் இருந்தால் அப்போது கால் ஏறக்குறைய நேராக நிற்க வேண்டும். இவருக்கு முழங்கால் நாற்காலியில் உட்கார்ந்ததுபோல மடங்கியே இருந்தது.

முட்டியின் முன்பக்கம் வலித்தால் முதலில் சீட் தாழ்வாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பின்பக்கம் வலித்தால் சீட் மிக உயரமாகவோ மிகவும் பின்தள்ளியோ இருக்கலாம். இது கல்வெட்டு அல்ல, ஆனால் தேடலைத் தொடங்க நல்ல இடம். சீட் தாழ்வாக இருந்தால் முழங்கால் அதிகமாக மடங்கிய நிலையிலேயே முழு பலத்தையும் கொடுக்க வேண்டியிருக்கிறது. முட்டிச் சில்லுக்குப் பின்னால் அழுத்தம் கூடுகிறது. சமதளத்தில் இது தெரியாது. பாலமதி போன்ற ஏற்றத்தில் அரை மணி நேரம் அப்படி மிதித்தால் தெரிந்துவிடும்.

சரி, எவ்வளவு தாழ்வு? வெறுங்காலோடு சுவரில் சாய்ந்து நிற்கவைத்து, தொடைகளுக்கு நடுவே ஒரு தடிமனான புத்தகத்தை மேலே இறுக்கிப் பிடிக்கச் சொல்லி, அதன் மேல்விளிம்பிலிருந்து தரை வரை அளந்தோம்: 82 செ.மீ. இதை 0.883 ஆல் பெருக்கினால், மிதிகள் சுற்றுகிற கிராங்க் அச்சின் நடுவிலிருந்து சீட்டின் மேல்பரப்பு வரை இருக்க வேண்டிய உயரம் கிடைக்கும். பிரெஞ்சுப் பயிற்சியாளர் சிரில் கிமாரிடமிருந்து வந்து, அமெரிக்க வீரர் கிரெக் லெமாண்ட் 1980களில் பரப்பிய கணக்கு இது. 72.4 செ.மீ. வருகிறது. சாலைப் பந்தயக்காரர்களுக்கான கணக்கு என்பதால் மலைப்பாதையில் ஓட்டுகிறவர்களுக்கு நான் ஒரு சென்டிமீட்டர் குறைத்தே வைப்பேன். இந்த வண்டியில் இருந்தது 64. ஏழு எட்டு சென்டிமீட்டர் பள்ளத்தில் உட்கார்ந்து மலை ஏறியிருக்கிறார்.

அப்படியென்றால் சீட்டை ஏற்றிவிட்டால் முடிந்தது. "அது ஏறாதுண்ணா, ஜாம் ஆயிடுச்சு" என்று அப்போதுதான் சொன்னார், ஏதோ சின்ன விஷயம்போல. ஏற்கெனவே ஒரு கடையில் சுத்தியலால் தட்டிப் பார்த்திருக்கிறார்கள். சீட்டைத் தாங்கி ஃபிரேமுக்குள் இறங்கும் தண்டுதான் சீட் பில்லர்; அதன் தலைக்கு அடியில் அந்தத் தழும்புகள் இருந்தன. அசையவில்லை என்றதும் "இப்படியே ஓட்டுப்பா" என்று அனுப்பிவிட்டார்கள்.

இனிமேல்தான் விஷயமே. பழைய சொந்தக்காரருக்குப் போன் போட்டோம். அவர் சொன்ன கதை முதலில் குழப்பமாக இருந்தது. அவரிடம் இருந்தபோது இந்தப் பில்லரின் தொல்லையே நிற்காமல் இறங்குவதுதானாம். ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் பாதி ஏறுவதற்குள் சீட் ஒரு விரல்கடை இறங்கிவிடும், நிறுத்தி மறுபடி ஏற்றி முறுக்குவேன் என்றார். முறுக்கி முறுக்கி, பில்லரை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்ப்பின் போல்ட்டில் மரை போய், வேறு கிளாம்ப் மாற்றியிருக்கிறார். பிறகு யாரோ சொன்னதைக் கேட்டு உள்ளே ஒரு தகடு சொருகியிருக்கிறார். அதற்குப் பிறகு இறங்கவில்லை. படிப்பு முடிகிற நேரத்தில் வண்டி விடுதியின் திறந்த தாழ்வாரத்தில் இரண்டு மழைக்காலம் நின்றிருக்கிறது.

நிற்காமல் இறங்கிய பில்லர் எப்படி அசையாத பில்லர் ஆயிற்று? வழுக்குவதும் பிடித்துக்கொள்வதும் எதிரெதிர் நோய்கள் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். பெரும்பாலும் இரண்டுக்கும் காரணம் ஒன்றே: பில்லருக்கும் அது இறங்கும் ஃபிரேம் குழாய்க்கும் (சீட் டியூப்) நடுவில் இருக்கும் இடைவெளி, அந்த இடைவெளியில் இருக்கும் பொருள். போல்ட்டுக்கு இதில் பங்கு குறைவு.

சீட் பில்லரின் விட்டம் 0.2 மி.மீ. படிகளில் வருகிறது. 27.0, 27.2, 27.4 என்று. நம் ஊர் மலிவு வண்டிகளில் 25.4-உம் உண்டு, புதிய அலுமினிய மலைச் சைக்கிள்களில் 30.9-உம் 31.6-உம் அதிகம். 0.2 மி.மீ. என்றால் கண்ணுக்குத் தெரியாது, கையில் எடுத்தாலும் தெரியாது. 27.0 பில்லர் 27.2 குழாயில் 'லட்சணமாக' உள்ளே போகும், கிளாம்ப்பை முறுக்கினால் பிடிக்கவும் செய்யும். ஆனால் பிடிப்பது மேல் உதட்டில் மட்டும். அதற்குக் கீழே பில்லர் சுற்றிலும் காற்றில் நிற்கிறது. ஒவ்வொரு மிதிக்கும் முன்னும் பின்னுமாக ஆடுகிறது, ஆட ஆட இறங்குகிறது. கிராங்க் அச்சு சுழலும் பாட்டம் பிராக்கெட்டிலிருந்து வருவதாக நினைக்கும் 'கிரீச்' சத்தம் பல வண்டிகளில் இங்கிருந்துதான் வருகிறது. எழுந்து நின்று மிதித்தால் சத்தம் நிற்கிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

இடைவெளிக்கு அவர் சொருகிய தகடு கூல்டிரிங்க்ஸ் டின்னிலிருந்து வெட்டியது. இதைக் கேட்டுச் சிரிப்பவர்கள் உண்டு. நான் சிரிக்க மாட்டேன். டின்னின் பக்கத் தகடு ஏறத்தாழ 0.1 மி.மீ. தடிமன், முழுச் சுற்று சுற்றினால் விட்டத்தில் 0.2 மி.மீ. கூடும். கணக்கு கச்சிதமாகவே பொருந்துகிறது. கிரீஸ் தடவி, முழுச் சுற்றாக, போதிய நீளத்துக்குச் சுற்றியிருந்தால் அவசரத்துக்கு அது தாங்கியிருக்கும். அவர் முன்பக்கம் மட்டும் ஒரு பட்டையைச் செருகியிருந்தார். பின்பக்கம் திறந்தே கிடந்தது.

பின்பக்கத்தில்தான், கிளாம்ப் முறுக்கும்போது குழாய் நெருங்குவதற்காக விட்டிருக்கும் சீட் டியூபின் வெட்டு இருக்கிறது. மட்கார்டு இல்லாத மலைச் சைக்கிளில் பின்சக்கரம் வாரியடிக்கும் சேறும் தண்ணீரும் நேராக அந்த வெட்டில்தான் விழும். மேலிருந்து வியர்வை. இங்கே சித்திரை வைகாசியில் மலை ஏறினால் வியர்வை எவ்வளவு சொட்டும் என்று வேலூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. போதாக்குறைக்கு உப்புத்தண்ணீர் போர்வெல்லில் வண்டி கழுவுவது. இரும்புக் குழாய், அலுமினியப் பில்லர், நடுவில் உப்புநீர்: மூன்றும் சேர்ந்தால் அது ஒரு சின்ன பேட்டரி. அதில் அரிபடுவது அலுமினியம். அரிபட்ட அலுமினியம் வெண்பொடியாக மாறும்போது, தான் இருந்த இடத்தைவிட அதிக இடம் கேட்கிறது. இருக்கும் இடைவெளியை நிரப்பி, அதற்கு மேலும் நெருக்கி, ஆப்பு அடித்ததுபோல இறுகிவிடும். முன்பு பில்லரை இறங்கவிட்ட அதே இடைவெளிதான் பிறகு அதைப் பூட்டியது.

கழற்றும் வேலைக்கு முன் ஒரு முடிவை எடுத்துக்கொண்டேன்: பில்லர் போனால் போகட்டும், ஃபிரேமுக்கு ஒன்றும் ஆகக் கூடாது. இதைத் தீர்மானித்துவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடுகிறது. பில்லரின் மேல் கீறல் விழும் என்று பயந்து அரைகுறையாகப் பிடித்து, கடைசியில் ஃபிரேமை வளைத்துக்கொள்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கிளாம்ப்பைக் கழற்றி, வெட்டின் வழியாகத் துரு இளக்கும் ஸ்ப்ரே அடித்தோம். பிறகு வண்டியைத் தலைகீழாக்கி, பாட்டில் மாட்டும் போல்ட்டுகளைக் கழற்றி அந்த ஓட்டைகள் வழியாகவும் அடித்தோம். மேலிருந்து மட்டும் அடித்தால் மேல் விரற்கடை மட்டும் நனையும், அடிப்பகுதி பட்டினி. இரவெல்லாம் அப்படியே ஊறவிட்டோம். ஒன்று சொல்ல வேண்டும்: அந்த ஸ்ப்ரே இரும்புத் துருவின் இடுக்குகளில் புகும், ஆனால் அலுமினிய வெண்பொடியைக் கரைக்காது. வழுக்க உதவும், அவ்வளவுதான்.

காஸ்டிக் சோடா ஊற்றினால் பில்லரே கரைந்துவிடும் என்று மாணவர் எங்கோ படித்துவிட்டு வந்தார். கரையும், உண்மைதான். கரையும்போது கொதிக்கும், ஹைட்ரஜன் வாயு கிளம்பும், பெயிண்டைத் தின்னும், கண்ணில் தெறித்தால் கண் போகும். ஃபிரேமும் அலுமினியமாக இருந்தால் அதையும் சேர்த்தே கரைக்கும். வீட்டு வாசலில் செய்கிற வேலை இல்லை என்று விட்டுவிட்டோம்.

சூடு காட்டலாமா? பட்டறைகளில் எது இறுகினாலும் முதலில் நீட்டுவது கேஸ் டார்ச்சைத்தான். இங்கே அது தலைகீழாக வேலை செய்யும். ஒரே சூட்டுக்கு அலுமினியம் இரும்பைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விரிகிறது. உள்ளே இருப்பது அலுமினியம், வெளியே இரும்பு. சூடேற்றினால் உள்ளே இருப்பது வெளியே இருப்பதை இன்னும் நெருக்கும். குளிரவைத்தால்தான் விலகும். 27 மி.மீ. விட்டத்துக்கு 50 டிகிரி வித்தியாசத்தில் கிடைப்பது சுமார் 0.015 மி.மீ. தான். ஆனால் ஒட்டியிருக்கும் பொடியின் பிடியை விடுவிக்க அந்தக் கொஞ்சமே சில நேரம் போதும். வேலூர் வெயிலில் நண்பகலில் வண்டியை நிறுத்திவைத்து இழுத்துப் பார்ப்பவர்களுக்கு ஏன் நடப்பதில்லை என்பதும் இதிலேயே இருக்கிறது. நாங்கள் விடியற்காலையில் வைத்துக்கொண்டோம்.

சீட்டைக் கழற்றி, பில்லரின் தலையைப் பெஞ்ச் வைஸில் பல் பதியும்படி இறுக்கினோம். வண்டி தலைகீழாக நின்றது. வெளியே தெரிந்த பில்லரைச் சுற்றி உடைத்த ஐஸை கோணித்துணியில் கட்டி வைத்தோம், கல் உப்பும் போட்டு. கொஞ்ச நேரம் கழித்து ஃபிரேமை இருபுறமும் இருவர் பிடித்து, ஸ்டீயரிங் திருப்புவதுபோல மெதுவாகத் திருப்பினோம். பிடிக்க வேண்டிய இடம் சீட் டியூபுக்கு அருகில். பின்முக்கோணத்தின் மெல்லிய குழாய்களையோ முன் ஃபோர்க்கையோ நெம்புகோலாக்கினால் ஃபிரேம் கோணிவிடும். முதலில் ஒன்றும் இல்லை. மறுபடி ஸ்ப்ரே, மறுபடி ஐஸ். அப்புறம் 'டக்'கென்று ஒரு சத்தம், குழாய்தான் உடைந்துவிட்டதோ என்று மாணவர் முகம் வெளுத்துவிட்டது. உடையவில்லை, பிடி விட்டது. அதன் பிறகு ஒரு நூல் அளவு திருப்பி, திரும்பக் கொண்டுவந்து, ஸ்ப்ரே அடித்து, மறுபடி திருப்பி என்று போனது. நேராக இழுக்கக் கூடாது. திருப்பிக்கொண்டே இழுக்க வேண்டும். இதுவும் பலிக்காமல் போயிருந்தால் தலையை அறுத்துவிட்டு, பில்லருக்குள் ஆக்சா பிளேடை விட்டு நீளவாக்கில் இரண்டு கீறல் போட்டு உள்பக்கமாக மடித்து எடுத்திருப்போம். நாள் முழுக்க ஆகும், கை புண்ணாகும், ஆனால் நடக்கும்.

வெளியே வந்ததைப் பார்த்தபோதுதான் மிச்சக் கதை தெரிந்தது. சுற்றிலும் வெண்பொடி. முன்பக்கம் டின் தகட்டுப் பட்டை, அச்சடித்த சிவப்பு இன்னும் அழியாமல். பில்லரில் 27.0 என்று பொறித்திருந்தது. இதெல்லாம் எதிர்பார்த்ததுதான். எதிர்பாராதது பில்லரின் நீளம். 35 செ.மீ. இருக்க வேண்டிய பில்லர் 27 தான் இருந்தது, அடிமுனை ஆக்சாவால் அறுத்த கோணல் விளிம்பு. பழைய சொந்தக்காரரிடம் மறுபடி கேட்டோம். இறக்கத்தில் சீட்டைத் தாழ்த்திக்கொள்ள விரும்பினேன், பாட்டில் போல்ட்டின் உள்முனை தடுத்தது, அதனால் எட்டு சென்டிமீட்டர் வெட்டினேன் என்றார்.

எனக்கு உண்மையிலேயே வியர்த்தது இங்கேதான். பில்லரில் 'இதற்கு மேல் ஏற்றாதே' என்று ஒரு கோடு இருக்கும். இந்தப் பில்லரில் அது முதலில் அடிமுனையிலிருந்து 10 செ.மீ. உயரத்தில் இருந்தது. கோடு பில்லரின் அடிமுனையைக் கணக்கில் வைத்துப் போடப்பட்டது. அடியில் எட்டு சென்டிமீட்டரை வெட்டிய பிறகு கோட்டுக்குக் கீழே மிஞ்சுவது இரண்டு சென்டிமீட்டர். ஜாம் ஆகாமல் இருந்திருந்தால் மாணவர் என்ன செய்திருப்பார்? கோட்டை நம்பி, கோடு தெரிகிற வரை தாராளமாக ஏற்றியிருப்பார். ஃபிரேமுக்குள் இரண்டு சென்டிமீட்டர் பில்லரோடு அமிர்தி பக்கம் கல் பாதையில் இறங்கியிருப்பார். பில்லர் முறிந்து பிடுங்கிக்கொள்ளும், அல்லது சீட் டியூபின் மேல் மூட்டு கிழியும். இரண்டிலும் விழுவது பல் உடைகிற விழுகை. கோடு ஒருபுறம் இருக்கட்டும், பில்லரின் அடிமுனை மேல்பார் வந்து சேரும் பற்றவைப்புக்குக் கீழே இறங்கியிருக்க வேண்டும் என்பது ஃபிரேமைக் காப்பாற்றும் விதி. வாங்கிய பழைய வண்டி எதுவானாலும் பில்லரை ஒரு முறை முழுதாக வெளியே எடுத்து நீளத்தைப் பார்த்துவிடுங்கள். நான் இதை பிரேக் பார்ப்பதற்குச் சமமாக வைப்பேன்.

இறக்கத்தில் சீட்டைத் தாழ்த்த வேண்டும் என்ற ஆசையில் தப்பில்லை. மலைச் சைக்கிள் பிறந்த காலத்திலிருந்தே இருக்கும் ஆசை அது. கலிஃபோர்னியாவில் ஜோ பிரீஸும் ஜோஷ் ஏஞ்சலும் 1980களிலேயே 'ஹைட் ரைட்' என்று ஒரு ஸ்பிரிங்கைக் கொண்டுவந்தார்கள். கையாலேயே திறக்கிற குயிக் ரிலீஸ் லீவரைத் தளர்த்தி உட்கார்ந்தால் சீட் இறங்கும், எழுந்தால் ஸ்பிரிங் பழைய உயரத்துக்கே தூக்கிவிடும். இப்போதைய டிராப்பர் போஸ்ட் அதே வேலையை ஹேண்டில்பாரில் ஒரு லீவரை அழுத்தியே செய்கிறது. ஆக்சா பிளேடு மட்டும் இதற்கான கருவி இல்லை.

இனி குழாய். புதிய பில்லர் வாங்கப் போகிறவர்கள் பழைய பில்லரைக் கடையில் நீட்டி "இதே சைஸ்" என்று கேட்கிறார்கள். இந்த வண்டிக்கு அப்படிக் கேட்டிருந்தால் இன்னொரு 27.0 வந்திருக்கும், பழையபடி தொடங்கியிருக்கும். அளக்க வேண்டியது குழாயை. மண்ணெண்ணெய் நனைத்த துணியால் துருவையும் பொடியையும் துடைத்து, பிளவுபட்ட குச்சியில் எமரி பேப்பர் சுற்றி உள்ளே தேய்த்த பிறகு, வெர்னியரின் உள்தாடையால் அளந்தோம். வெட்டுக்குச் சற்றுக் கீழே எட்டிய இடத்தில் 27.2. மேல் உதட்டில் பக்கவாட்டில் 26.9 தான். வருஷக்கணக்கில் முறுக்கியதில் வெட்டின் இரு கரைகளும் உள்பக்கம் சாய்ந்து, வட்டம் பலாக்கொட்டை மாதிரி ஆகியிருந்தது. இதோடு புதிய 27.2-ஐத் திணித்தால் கீறிக்கொண்டுதான் இறங்கும்.

லேத் பட்டறைக்குப் போனோம். பெரியவர் அளவைக் கேட்டுவிட்டு, "இன்னாபா, ஒரு சைக்கிளுக்கு பாயிண்ட் ரெண்டு பாக்கறியா?" என்று சிரித்தார். சிரித்துக்கொண்டே முனை சரிவான ஒரு இரும்பு உருளையை 27.2-க்குக் கடைந்து கொடுத்தார். கிரீஸ் தடவி அதை மெல்லத் தட்டி இறக்கினால் உதடு வட்டத்துக்குத் திரும்புகிறது. இரும்பு ஃபிரேம் என்பதால் இந்த வளைப்பைத் தாங்கும். அலுமினிய ஃபிரேமில் இதைச் செய்ய நான் சம்மதிக்க மாட்டேன், விரிசல் விடும். இரும்பானாலும் வெட்டின் அடிமுனையில் பெயிண்டைச் சுரண்டி, பூதக்கண்ணாடியில் விரிசல் பார்த்துக்கொண்டோம். இல்லை.

புதிய பில்லர் 27.2 விட்டம், 40 செ.மீ. நீளம். ஏன் 40? சீட் உயரம் 71.5 என்று வைத்தால், குழாய் 41, சீட்டின் சொந்த உயரம் 4.5 போக 26 செ.மீ. பில்லர் வெளியே நிற்க வேண்டும். 35 பில்லரில் உள்ளே ஒன்பதுதான் மிஞ்சும், 40-இல் பதினான்கு. இவ்வளவு பில்லர் வெளியே தெரிவதற்கு அர்த்தம், ஃபிரேம் இவருக்கு ஒரு அளவு சின்னது. அதை அவரிடம் சொல்லிவிட்டேன். இன்னொரு வண்டி வாங்கும் நிலையில் இல்லாதவருக்கு இது ஓட்டக்கூடிய ஏற்பாடு.

குழாயின் உள்ளே மெல்லிய கிரீஸ், பில்லரின் மேலும் மெல்லிய கிரீஸ். கிரீஸ் போட்டால் வழுக்காதா என்பது நிச்சயம் வரும் கேள்வி. அளவு சரியாக இருந்தால் வழுக்காது. வழுக்கினால் கிரீஸை அல்ல, அளவைச் சந்தேகியுங்கள். கார்பன் பில்லருக்கு மட்டும் கிரீஸ் ஆகாது, மணல்போல நெருடும் கார்பன் பேஸ்ட் தனியாக இருக்கிறது. கிளாம்ப் புதியது, குயிக் ரிலீஸ் இல்லை, அலன் கீ போடுகிற வகை. பெரும்பாலான கிளாம்ப்களில் 5, 6 நியூட்டன் மீட்டர் என்று பொறித்திருக்கும். முறுக்கின் அளவைக் காட்டும் டார்க் ஸ்பேனர் இல்லாதவர்கள் அலன் கீயின் நீளக் கையை போல்ட்டுக்குள் விட்டு, குட்டைக் கையை விரலால் திருப்பினால் மிகைப்பட வாய்ப்பில்லை. அளவு பொருந்தியபின் இந்த முறுக்கே போதும்.

சீட்டை ஒரேயடியாக ஏற்றவில்லை. பழகிய தசைகளுக்கு ஏழு சென்டிமீட்டர் பெரிய மாற்றம், முன்முட்டி வலி போய்ப் பின்முட்டி வலி வரும். முதலில் பாதி, சில வாரம் கழித்து மீதி, ஒவ்வொரு முறையும் பில்லரில் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒரு சுற்று. டேப் குழாயின் விளிம்பிலிருந்து விலகாமல் இருந்தால் பில்லர் இறங்கவில்லை. சீட்டின் மூக்கை மட்டத்திலிருந்து துளி கீழே சாய்த்தோம், நீண்ட ஏற்றத்துக்கு அது சுகம்.

பாதி உயரத்திலேயே பாலமதியில் வலி குறைந்துவிட்டது என்றார். முழு உயரத்துக்கு வந்தபின் வலி இல்லை, டேப்பும் நகரவில்லை. ஒரு சத்தம் மட்டும் புதிதாக வந்தது. சீட்டின் கம்பிகளைப் பில்லரின் தலை கவ்வும் இடத்தில் தூசி. துடைத்து ஒரு பொட்டு கிரீஸ் வைத்ததும் போயிற்று.

திரும்ப ஜாம் ஆகாமலிருக்க, பஞ்சர் கடையில் தூக்கிப் போட்ட பழைய டியூபில் ஒரு சாண் வெட்டி, கிளாம்ப்பையும் வெட்டையும் மூடும்படி பில்லரில் மாட்டிவிட்டோம். பின்சக்கரத்துக்கு ஒரு பிளாஸ்டிக் மட்கார்டு. வாட்டர் சர்வீஸில் பிரஷர் பைப்பைச் சீட்டுக்கு அடியில் காட்டக் கூடாது. பில்லரை இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை உருவி, துடைத்து, வண்டியைக் கவிழ்த்து குழாயில் தேங்கிய தண்ணீரை வடித்து, புதுக் கிரீஸ் போட வேண்டும். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்ததும் மட்டும் கட்டாயம். மாணவருக்கு இப்போது டிராப்பர் ஆசை வந்திருக்கிறது. 27.2-க்கும் டிராப்பர் கிடைக்கிறது, தேர்வு குறைவு, விலை இந்த வண்டியைவிட அதிகமாக இருக்கும். அதற்குப் பதில் குயிக் ரிலீஸ் கிளாம்ப் ஒன்று வாங்கி வைத்திருக்கிறார். அதை மாட்டும்போது லீவர் பாதி தூரத்தில் கனக்கத் தொடங்கி, மூடி முடித்ததும் உள்ளங்கையில் தடம் பதிகிற அளவுக்கு நட்டை வைக்கச் சொல்லியிருக்கிறேன்.